நாற்பத்தொரு தூர்

ஒலிண்டா ஸ்வேனிக்குக் கூடை பின்ன வராது. அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கீப் பெண்களில் வராதவர்கள் பலர் உண்டு; ஆனால் ஒலிண்டாவுக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம். பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் அவள் பின்னிய ஒரே கூடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு மறுபக்கம் சரிந்து நின்றது. அவள் அப்பா அதைக் கோழிக்குஞ்சுகளை மூடிவைக்க எடுத்துக்கொண்டார். குஞ்சுகள் தூக்கிய பக்கமாக வரிசையாக வெளியே வந்துவிட்டன.

அவளுக்கு வந்தது வண்டி ஓட்டுவது. ஹயவாசி ஆற்றோரச் சாலையில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருஷம் ஓட்டினாள். பனி உறைந்த காலையிலும் ஒரு சக்கரத்தைக்கூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை. அப்படிப்பட்டவளிடம்தான் இன்றைக்கு ஆற்றுமூங்கிலைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். எங்கே வளரும், எப்படித் தோண்டுவது, நட்டால் வருமா வராதா என்று கேட்கிறார்கள். இந்தப் படிப்பு அவளுக்கு எளிதாக வரவில்லை. பதினைந்து வருஷம் ஆனது. அதில் பாதி வருஷம் ஊர் சிரித்தது.

எல்லாம் வெள்ளத்தில் ஆரம்பித்தது. அவளுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. கணவன் லெவி மாரடைப்பில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆற்றங்கரையில் வீடு, வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே சோளமும் அவரையும் போடும் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் லெவியின் தம்பி ரூஃபஸின் மேய்ச்சல் நிலம், முப்பது மாடுகள். அந்த செப்டம்பரில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு புயல் வந்தது. முதல் புயலில் ஆறு தோட்டத்துக்குள் ஏறி இறங்கியது. இரண்டாவதில் ஏறிய தண்ணீர் இறங்கும்போது கரையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. சோளம், கோழிக் கூண்டு, லெவி நட்ட வால்நட் மரம் எல்லாம் போய், விடிந்து பார்த்தால் தோட்டம் இருபது தப்படி குறைந்திருந்தது.

மண்வளப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். கரை சரியாமல் இருக்கப் பாறை கொட்டலாம் என்றார். ஒலிண்டா ஆற்றைப் பார்த்தாள், ரூஃபஸின் நிலத்தைப் பார்த்தாள்.

“இங்க பாறை கொட்டுனா தண்ணி அதுல முட்டிட்டு நேரே அவன் மாட்டுக் கொட்டகைக்குல்லா போகும்?”

“போகலாம்” என்றார் அவர் நேர்மையாக.

“அப்ப வேண்டாம். அவனோட தினமும் சண்டை போட எனக்கு நேரம் கிடையாது.”

பேருந்து திரும்பும் கடைசி நிறுத்தத்தில் ஒரு பாழடைந்த வீடு உண்டு. அதன் பின்னால் மூங்கில் காடாக நின்றது. அந்த வெள்ளத்தில் அங்கே ஒரு கைப்பிடி மண்கூடக் கரையவில்லை என்பதை ஒலிண்டா ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கவனித்திருந்தாள். நம் ஆட்கள் வீடு கட்டவும், பாய் முடையவும், மீன்தூண்டிலுக்கும், ஊதுகுழலுக்கும் வெட்டிய ஆற்றுமூங்கில் இதுதானே என்று நினைத்தாள். ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு போய் மூன்று தூர் தோண்டிக் காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்து கரையில் நட்டாள்.

அது வளர்ந்த வேகத்தை என்ன சொல்ல! இரண்டாம் வருஷம் ஆள் உயரம். மூன்றாம் வருஷம் கூரையைத் தொட்டது. தண்டெல்லாம் வெயிலில் பொன்னாக மின்னியது. தேவாலயத்தில் பாட்டு முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும்போது ஒலிண்டா தன் மூங்கிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டாள். அதைக் கேட்டுத்தான் பெர்டி வந்தாள்.

பெர்டி கூடை பின்னுகிறவள். ஒலிண்டாவைவிட ஆறு வயது இளையவள். ஒரு மடக்குக் கத்தி அவள் பாவாடைப் பையில் எப்போதும் இருக்கும். அவள் வீட்டுப் பக்கத்து ஓடையில் மூங்கில் தீர்ந்துபோய், நல்ல தண்டு தேடி நூறு மைல் தெற்கே போய் வந்துகொண்டிருந்தாள். ஒலிண்டாவின் கரையில் வந்து நின்றவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு தண்டை வெட்டி, நுனியில் கத்தியை வைத்துப் பிளந்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு நிற்காமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி?”

“அக்கா, இது நம்ம ஊரே இல்ல. கப்பல் ஏறி வந்தது. மஞ்ச மூங்கில். இத வச்சு நான் கூடை பின்னுனா அந்தக் கூடையே என்னக் கெட்ட வார்த்தையில ஏசும்.”

“மூங்கில்ல என்னடி நம்ம ஊரு, அடுத்த ஊரு? கரைய பிடிச்சுக்கிட்டா போதாதா?”

“பிடிக்கும் அக்கா. நல்லாவே பிடிக்கும். ஒங்க கரைய, ஒங்க தோட்டத்த, ஒங்க வீட்ட எல்லாத்தையும் பிடிக்கும்.”

ஒலிண்டாவுக்குக் கோபம் வந்தது. சோளமாவில் அவரைக்கொட்டை சேர்த்து அவிக்கிற அவரை ரொட்டியை அன்றைக்குப் பெர்டிக்குக் கட்டிக் கொடுக்கவில்லை; வெறும் காப்பியோடு அனுப்பிவிட்டாள். அவள் கோபத்தின் உச்சமே அவ்வளவுதான்.

அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை ரூஃபஸ் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டான்.

“மதினி! கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. ஒங்க விருந்தாளி ஒருத்தரு எங்க தீவனக் கொட்டகைக்குள்ள நிக்காரு.”

“யாருலே?”

“பேரு கேட்டேன். சொல்ல மாட்டேங்காரு.”

ரூஃபஸுக்கு மதினியைக் கேலி பண்ணாமல் ஒரு நாளும் விடியாது. லெவி இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். அதனால் ஒலிண்டா சிரித்துக்கொண்டேதான் போனாள். கொட்டகைக்குள், பலகைத் தரையின் இடுக்கைப் பிளந்துகொண்டு, கூரான தொப்பி போட்ட மாதிரி ஒரு மூங்கில் முளை முழங்கால் உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. தீவன மூட்டையைத் தூக்கினால் அதற்கு அடியில் வளைந்துகொண்டு ஒன்று.

“இதுக்குக் காப்பி போடவா, இல்ல நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றான் ரூஃபஸ். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பில்லை. அந்தத் தரை அவனும் லெவியும் சேர்ந்து போட்டது.

ஒலிண்டா குனிந்து அந்த முளையை முறித்தாள். “நான் கொண்டாந்தது. நானே கொல்லுதேன்” என்றாள்.

கொல்வதற்கு மூன்று வசந்தம் ஆயிற்று. நட மூன்று மணி நேரம், கொல்ல மூன்று வருஷம் என்று பிற்பாடு அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காலையில் பேருந்தை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்வரை. எல்லாவற்றையும் தரையோடு வெட்டினாள். வேரைத் தொடர்ந்து தோண்டினாள். வந்த முளையை உதைத்து உடைத்தாள். ஊரில் அவளுக்கு ‘பாண்டா’ என்று பெயர் விழுந்தது. பேருந்தில் ஏறும் பிள்ளைகள் “காலை வணக்கம், பாண்டா அத்தை” என்று சொல்லிக்கொண்டே ஏறின. தேவாலயத்தில் போதகரே ஒருமுறை வாய் தவறி, “சகோதரி பாண்டா ஜெபிப்பார்” என்றுவிட்டார். ரூஃபஸ் மட்டும் அந்த மூன்று வருஷமும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சாயங்காலங்களில் வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்று, “அங்க ஒண்ணு விட்டுட்டீங்க மதினி, இடது பக்கம்” என்று சொல்லுவான். சில நாள் வேலி தாண்டி வந்து அவனும் ஒரு மண்வெட்டியை எடுப்பான். ஆனால் எடுத்தது வெளியே தெரியக் கூடாது என்பான்.

அந்த நாட்களில்தான் ஒலிண்டா போய்ப் பெர்டியிடம் நின்றாள். கையில் ஒரு தட்டு நிறைய அவரை ரொட்டி.

“மூணு வருஷம் முன்ன கட்டித் தரல. இந்தா. உண்மையான மூங்கில் எப்படி இருக்கும்னு காட்டு.”

பெர்டி அவளை ஆற்றுப் பாலத்துக்குக் கீழே கூட்டிப் போனாள். அங்கே நின்றது விரல் தடிமன்தான். இரண்டு ஆள் உயரம் இருக்கும். மஞ்சள் மூங்கில் கிளைகளைக் கைவிரித்த மாதிரி அகல விரிக்கும். இது குளிருக்குக் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்ட மாதிரி, கிளைகளைத் தண்டோடு ஒட்டி மேலே தூக்கி வைத்திருந்தது. மஞ்சள் மூங்கிலில் கணுவுக்கு மேல் விரல் பதிகிற பள்ளம் ஓடும். இதன் தண்டு உருண்டையாக இருந்தது. தண்டைச் சுற்றிய காய்ந்த மடல் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெர்டி ஒன்றை வெட்டி நாலாகப் பிளந்தாள். நார் நீளமாக, முறியாமல் கையோடு வந்தது.

“இஹ்யா” என்றாள் பெர்டி. அதுதான் அவர்கள் மொழியில் அதன் பெயர்.

ஒருமுறை பார்த்த பிறகு ஒலிண்டாவின் கண் வேறு எதையும் பார்க்க மறுத்தது. பதினேழு வருஷமாக ஓட்டுகிற அதே சாலைதான். இப்போது வளைவுக்கு வளைவு ஏதாவது தெரிந்தது. மக்காச்சோள வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு கீற்று. பழைய ஆலைக்குப் பின்னால் ஒரு திட்டு. எப்போதும் தண்ணீர் நிற்கிற சேற்றில் அது இல்லை. வெள்ளம் வந்தால் நனைந்து, போனால் வடிந்துவிடுகிற மணல் கலந்த மேட்டில்தான் நின்றது. அரை நிழல் விழும் இடத்தில் செழித்தது. மாடு எட்டுகிற இடத்தில் ஒன்றுகூட இல்லை.

“அத்தை, ரோட்டப் பாருங்க!” என்று பிள்ளைகள் பின்னாலிருந்து கத்தும்.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒக்காரு.”

வழித்தடத் தாளின் பின்பக்கத்தில் ஏழு இடங்களைக் குறித்து வைத்தாள். வசந்தத்தில் ஆறு பெருகி இறங்கியதும் அந்த ஏழு இடத்தையும் போய்ப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கரை சரிந்து, மூங்கில் நின்ற துண்டு மட்டும் மூக்கு மாதிரி ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது.

அவளுக்கு ஐம்பத்து இரண்டு வயதான பிப்ரவரியில், ஏழில் பெரியதான பாலத்தடித் திட்டைச் சுற்றி ஆரஞ்சு நிற நாடா கட்டியிருந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஒலிண்டா பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, காலிப் பேருந்தை ஓரங்கட்டி, இறங்கிப் போனாள். மேஸ்திரி டானர் என்ற இளைஞன், வாயில் பாதி ரொட்டியோடு இருந்தான்.

“தம்பி, இந்த மூங்கில என்ன பண்ணப் போறீங்க?”

“திங்கக்கிழமை மெஷின் வருது. வாரிக் குப்பையில போட வேண்டியதுதான்.”

“நான் எடுத்துக்கலாமா?”

“இதையா?” அவன் அவளையும் பேருந்தையும் மாறி மாறிப் பார்த்தான். “எடுத்துக்கங்க. ஆனா திங்கக்கிழமை காலம்பற இங்க யாரும் நிக்கக் கூடாது. பஸ்ஸும்தான்.”

மண்வெட்டியால் ஆகிற காரியம் இல்லை. ரூஃபஸின் டிராக்டருக்குப் பின்னால் மண் தோண்டும் இரும்புக் கை ஒன்று உண்டு. ஒலிண்டா வேலியருகே போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் மாடுகளின் நலம் விசாரித்தாள்.

“மாடு நல்லாத்தான் இருக்கு. நீங்க என் மாட்ட விசாரிக்க மாட்டீங்களே. என்ன வேணும்?”

சொன்னாள். ரூஃபஸ் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

“மதினி, எனக்குச் சரியாக் கேக்கலன்னு நெனைக்கேன். மூங்கில்னா சொன்னீங்க?”

“இது வேற மூங்கில்லே. இது நம்ம மூங்கில்.”

“நம்ம மூங்கில்னா வேலிய மதிக்குமா? ‘இது ரூஃபஸ் எடம், உள்ள போகக் கூடாது’ன்னு அதுக்குச் செரோக்கீயில சொன்னா புரியுமா?”

“பரவும். ஆனா மெல்லப் பரவும். பெர்டி சொல்லுதா.”

“பெர்டிக்கென்ன, அவ கொட்டகையிலயா மொளைச்சுச்சு?” அவன் ஆற்றுப் பக்கம் திரும்பினான். அந்த வருஷமும் அவன் பக்கத்துக் கரை ஒரு வண்டி அகலத்துக்குச் சரிந்திருந்தது; அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. “என் வேலியிலருந்து அம்பது அடி தள்ளி நடணும். என் பக்கம் ஒரு மொளை எட்டிப் பாத்தாலும், நீங்க சாகுற வரைக்கும் என் கன்னுக்குட்டிக் கொட்டகைய கழுவணும். சம்மதமா?”

“சம்மதம்.”

சனிக்கிழமை பெர்டி தேவாலயத்துப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஈரச் சாக்குகளோடு வந்தாள். ரூஃபஸ் இரும்புக் கையை மண்ணில் இறக்கி இழுத்தான். டிராக்டரின் முன் சக்கரம் தூக்கியதே தவிர மண் வரவில்லை. மறுபடி இழுத்தான். டிராக்டர் முக்கியது. கடைசியில் ஒரு தூர் கிழிந்து வந்தபோது, அதன் அடியில் ஒரு மெத்தை அளவுக்கு வேர் மண்ணை இறுகப் பின்னிப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ரூஃபஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அந்த வேரைக் கையால் பிய்த்துப் பார்த்தான். பிய்க்க முடியவில்லை.

“இத இங்க யாரு பின்னுனா?” என்றான் மெதுவாக. அதற்குமேல் அன்றைக்கு அவன் கேலியே பேசவில்லை. பெண்கள் அதைப் பார்த்துவிட்டு அவனுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

நாற்பத்தொரு தூர். வேர் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, தண்டின் மேல்பாதியை நறுக்கிவிட்டு, ஓடும் தண்ணீருக்கு நன்றாக மேலே, ரூஃபஸ் அளந்து காட்டிய அம்பதடிக்கு அப்பால் வரிசையாக நட்டார்கள். காய்ந்த இலையும் வைக்கோலும் போட்டு மூடினார்கள்.

அந்தக் கோடையில் நாற்பத்தொன்றும் பழுப்பாகின. ஒலிண்டா பள்ளி விடுமுறை முழுக்கத் தினமும் வாளியில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். கரையோரம் ஒரு வரிசை விளக்குமாறு குத்திவைத்த மாதிரி இருந்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கொல்ல மூன்று வருஷம் ஆன மூங்கில் தானாக வளர்ந்தது, ஆசையாய் நட்ட மூங்கில் தானாகச் சாகிறதே, அது எப்படி?

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒரு மதியம் மட்டும் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அழுதாள். நாற்பத்தொரு விளக்குமாற்றுக்காக மட்டும் அழுத அழுகை இல்லை அது. லெவி போனபிறகு அவளாக எடுத்துச் செய்த காரியங்களில் இரண்டு மூங்கிலும்தான் பெரியவை. இரண்டும் இப்படிப் போகிறதே என்றிருந்தது.

அடுத்த ஏப்ரலில் பதினெட்டு தூரில் பென்சில் பருமனில் முளை வந்தது. ஒலிண்டா எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பெர்டியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை விரல்கடை என்று ஒப்பித்தாள். அதற்கடுத்த வருஷம் இருபத்து மூன்று தூர் உயிரோடிருந்தன. இடுப்பளவு வந்துவிட்டன. அவள் நடையே மாறிவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று தேவாலயங்கள் சேர்ந்து பாடும் நாள். ஊரே அங்கேதான் இருந்தது. மதியம் ஒலிண்டா வீடு திரும்பியபோது வேலி ஒரு இடத்தில் படுத்துக் கிடந்தது. ரூஃபஸின் மாடுகள் பதினொன்று கரையில் நின்றன. ஆற்றுமூங்கில் இலையென்றால் மாட்டுக்கு உயிர் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவை அசைபோட்டுக்கொண்டு, முகத்தில் பெரிய திருப்தியோடு அவளைப் பார்த்தன. அவற்றின் பின்னால் தரையோடு தரையாக மூங்கிலின் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன.

ஒலிண்டா மாடுகளைத் திருப்பி ஓட்டினாள். படுத்த வேலியைத் தூக்கி நிறுத்திக் கம்பியைச் சுற்றினாள். ரூஃபஸ் ஓடி வந்து, “மதினி... மதினி, இங்க பாருங்க” என்றான். அவள் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவள் பேருந்தை ஓட்டிக்கொண்டு போகும்போது அவன் கையைத் தூக்கினான்; அவள் கண் ரோட்டிலேயே இருந்தது. ஏசியிருந்தால் ரூஃபஸ் தாங்கியிருப்பான். இருபத்தெட்டு வருஷத்தில் மதினி அவனிடம் பேசாமல் இருந்ததே இல்லை. இரண்டு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவன் மனைவி எல்லாரிடமும் சொன்னாள்.

மூன்றாவது வாரம் அவன் புது முள்கம்பி வாங்கி வந்தான். பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு, ஒலிண்டாவின் எல்லை நெடுக நாலு கம்பி இழுத்தான். அதோடு நிற்கவில்லை. தன் பக்கத்து ஆற்றோரம் முழுக்கப் போய், கரையிலிருந்து முப்பதடி உள்ளே தள்ளி வேலி போட்டான். மாடு இனி ஆற்றுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டும் வர முடியாது. நல்ல மேய்ச்சல் துண்டு அது. முடித்துவிட்டு ஒலிண்டாவின் வாசலில் வந்து கையில் தொப்பியோடு நின்றான்.

“மதினி, வேலி போட்டிருக்கேன்.”

“பாத்தேன்.”

“ஒங்க மூங்கில் திரும்ப வருமா?”

“தெரியாதுலே. வேரு இருக்கு.” அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். “காட்டுப்பூண்டுத் தழையும் உருளைக்கிழங்கும் வதக்கியிருக்கேன். தின்னுட்டுப் போ.”

மூங்கில் திரும்ப வந்தது. மெதுவாக, பதினேழு தூரில். ஆனால் சொல்ல வந்த கதை அதுவல்ல. அடுத்த வருஷம் மே மாதம் ரூஃபஸ் வேலியோரம் நின்று முன்போலக் கத்தினான்.

“மதினி! வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கிட்டு வாங்க! கன்னுக்குட்டிக் கொட்டகை காத்துக்கிட்டு இருக்கு!”

ஒலிண்டா கையிலிருந்த வேலையை அப்படியே போட்டாள். போனாள். அவன் விட்டுக்கொடுத்த முப்பதடிக் கீற்றில், ஆற்றோரம் நெடுக, புல்லுக்கு மேலே மூங்கில் முளைத்து நின்றது. ஒன்று இரண்டு இல்லை. நூறு, இருநூறு. சில முழங்கால் உயரம், சில இடுப்பு உயரம்.

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். கிளையைப் பார்த்தாள், நெஞ்சோடு கட்டிய கை. தண்டை உருட்டிப் பார்த்தாள். மடலை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

“இது என்னுது இல்லலே.”

“பின்ன யாருது, போதகருதா?”

“மண்வெட்டி கொண்டா.”

இருவரும் தோண்டினார்கள். வேர் ஒலிண்டாவின் பக்கம் போகவே இல்லை. அவள் நட்ட கடைசித் தூருக்கும் இதற்கும் நடுவே நூறடி வெறும் மண். இந்த வேர் ரூஃபஸின் நிலத்துக்குள்ளேயே, மாடு மிதித்து இறுகிய மண்ணுக்கு அடியில், கருத்து முறுக்கேறிப் போய்க்கொண்டே இருந்தது. அவன் அப்பா காலத்திலிருந்து அங்கே மாடு மேய்ந்தது. முளை தலைகாட்டும்போதெல்லாம் மாடு தின்றது. அது மறுபடி தலைகாட்டியது, மறுபடி தின்றது. அறுபது வருஷம் அது யார் கண்ணுக்கும் தெரியும் உயரத்துக்கு வரவே இல்லை. வேலி உள்ளே நகர்ந்த ஒரே வருஷத்தில் எழுந்துவிட்டது.

ரூஃபஸ் குழியோரம் குந்தி உட்கார்ந்தான். வேர்மேல் கை வைத்தான்.

“அப்ப இது எங்க அப்பாவுக்கும் முன்னாலருந்து இங்கதான் இருந்துச்சா?”

“ஒங்க மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்குத்தான் தெரியல.”

“நீங்க நாப்பத்தொரு தூரு நட்டீங்க. தண்ணி ஊத்துனீங்க. பதினேழு மிஞ்சுச்சு.” அவன் முகத்தில் பழைய சிரிப்பு மெல்லத் திரும்பியது. “நான் ஒண்ணுமே பண்ணல. எத்தன நிக்குதுன்னு எண்ணவா மதினி?”

“எண்ணு. எண்ணி முடிச்சிட்டு ஒன் கொட்டகைய நீயே கழுவு.”

அதற்குப் பின் இரண்டு பெரிய வெள்ளம் வந்துவிட்டது. ஒலிண்டாவின் கரையில் தூர் செத்துப்போன இடங்களில் ஆறு கடித்துத் தின்றது. உயிரோடு நின்ற இடங்களில் மூங்கில் படுத்து, தண்ணீருக்கு அடியில் இரண்டு நாள் கிடந்து, எழுந்து நின்றது. எல்லாம் பிழைத்தது என்று சொல்ல முடியாது. கீழ்க்கோடியில் இன்னும் ஐந்தாறு தப்படி போய்விட்டது. அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

அவளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் லாரியோடும் மண்வெட்டியோடும் வருவார்கள். எங்கள் ஓடையோரம் ஆற்றுமூங்கில் நடலாமென்று இருக்கிறோம், எத்தனை தூர் வேண்டும், எப்போது தோண்ட வேண்டும் என்பார்கள். ஒலிண்டா உடனே சொல்லமாட்டாள். முதலில் அவர்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்பாள். போனால், பேன்ட் முட்டி சேறாக, ஓடையோரம் தவழ்ந்து புல்லை விலக்கிக்கொண்டே போவாள். பத்தில் நாலைந்து இடத்தில் எழுந்து நின்று, “நட வேண்டாம். இங்கயே இருக்கு. நீங்க புல்லு வெட்டுற மெஷின இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க, மாட்டத் தள்ளிக் கட்டுங்க, மூணு வருஷம் பொறுங்க” என்பாள். வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒன்றுமே இல்லாத இடமென்றால்தான் தூர் கொடுப்பாள், முதல் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு. எங்கேயாவது மஞ்சள் மூங்கில் நட்டிருப்பதைப் பார்த்துவிட்டால் மட்டும் அவள் முகம் மாறும். அதைத் தோண்டி எடுக்க அங்கேயே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றுவிடுவாள்.

பேருந்து ஓட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு இப்போது அறுபத்து மூன்று. போன நவம்பரில் பெர்டி கூடைக்குத் தண்டு வெட்ட வந்தாள். ஒலிண்டா தன் திட்டில் நல்லதாகப் பார்த்து ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். இதை வெட்டு, இதை விடு, என்றெல்லாம் ஒரு வாரமாக யோசித்திருந்தாள். பெர்டி வந்து, தண்டுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். நெளிந்தாள்.

“என்னடி?”

“நல்லாத்தான் இருக்கு அக்கா. இன்னும் ரெண்டு வருஷம் முத்தணும்.” அவள் கண் வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே ரூஃபஸின் மூங்கில் கட்டைவிரல் தடிமனில், நிமிர்ந்து, காற்றில் சலசலத்தது. ரூஃபஸ் தற்செயலாக வந்தவன் மாதிரி வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தான். குளித்து, நல்ல சட்டை போட்டிருந்தான்.

“அந்தப் பக்கம் போய் வெட்டிக்கட்டுமா?” என்றாள் பெர்டி.

“போ, போ. அவன் தூங்காமக் காத்துக்கிட்டிருக்கான் பாரு.”

பெர்டி வேலி தாண்டிப் போனாள். ரூஃபஸ் அவளை ஒவ்வொரு தண்டாகக் கூட்டிப் போய்க் காட்டுவது இங்கே கேட்டது. இது அவன் தன் கையால் வளர்த்தது என்று வேறு சொன்னான்.

“கையால வளத்தானாம்” என்றாள் ஒலிண்டா சத்தமாக, ஆற்றைப் பார்த்து.

“வேலி போட்டது யாரு மதினி?”

“வேலிய ஒடச்சது யாரு?”

பெர்டி வெட்டிய தண்டுகளைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, ஒலிண்டா அடுப்பில் அவரை ரொட்டியை வேகவைத்துவிட்டு, மூன்று பேருக்குத் தட்டு எடுத்து வைத்திருந்தாள்.